ஆறு பேர் கணக்குக்கு ஒன்பது சர்வீஸ்: ஆப் செய்யக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

பாம்பனில் மீன் கமிஷன் கடை வைத்திருக்கிறோம். அப்பா ஆரம்பித்தது. 22 விசைப்படகுகளுக்கும் கொஞ்சம் வல்லங்களுக்கும் ஏலம் விட்டு, கமிஷன் எடுத்து, கொடுத்திருந்த முன்பணத்தில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டு மீதியைப் படகுக்காரர் கையில் கொடுப்பது எங்கள் வேலை. கணக்கெல்லாம் நீள நோட்டில்தான். போன வருடம் அதை ஆப்பாக மாற்ற ஆசைப்பட்டு 3 லட்சத்து 40 ஆயிரம் ரூபாயைத் தொலைத்தேன். செய்து கொடுத்த கம்பெனியின் பெயரைப் போடவில்லை. பெயர் தெரிந்தும் பயனில்லை, இதே பேச்சை உங்களிடம் வேறு யாராவது வந்து பேசுவார்கள்.

நான் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. ஏலத்தில் நிற்கும் பையன் படகுப் பெயர், மீன், எடை, விலை போட வேண்டும். வாரக் கடைசியில் கணக்கு முடிந்து சிட்டை வாட்ஸப்பில் போக வேண்டும். பயன்படுத்துவது மொத்தம் ஆறு பேர்: நான், என் தம்பி, கணக்குப்பிள்ளை, ஏலத்தில் நிற்கும் மூன்று பையன்கள்.

சென்னையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். லேப்டாப்பில் படம் படமாகப் போட்டார்கள். மைக்ரோசர்வீஸ், குபர்நெட்டிஸ், மோங்கோடிபி என்று ஒரே பெயர்மழை. ஆப்பை ஒரே புரோகிராமாக எழுதாமல் சர்வீஸ் எனும் சின்னச் சின்னத் தனிப் புரோகிராம்களாக உடைப்பதுதான் மைக்ரோசர்வீஸாம். "நாளைக்கு நாகப்பட்டினம், தூத்துக்குடின்னு பத்தாயிரம் பேர் வந்தாலும் தாங்கும் சார்" என்றார்கள். எனக்கு நாளைக்கும் அதே ஆறு பேர்தான் வரப்போகிறார்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். வத்தை எனும் சின்ன நாட்டுப்படகில் விசைப்படகு என்ஜினைத் தூக்கி வைக்கச் சொன்னால் எங்கள் ஊரில் சின்னப் பையன்கூடச் சிரிப்பான். லேப்டாப்பில் காட்டியபோது நான் தலையை ஆட்டினேன்.

மார்ச்சில் ஆப் கைக்கு வந்தது. முதல் நாள் காலை குந்துகால் கரையில் நின்று பையன் விளைமீன் 18 கிலோ என்று போட்டு அழுத்தினான். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. கடற்கரையில் சிக்னல் வரும், போகும். இன்னும் கொஞ்சம் தள்ளி தனுஷ்கோடிப் பக்கம் போனால் 'இலங்கைக்கு வரவேற்கிறோம்' என்று செல்லுக்குச் செய்தி வருகிற ஊர் இது. ஆனால் அந்த ஆப் ஒவ்வொரு பதிவுக்கும் சர்வரைக் கேட்டுவிட்டுத்தான் அடுத்த திரைக்கே போகும். ஏலக்காரர் நமக்காகக் காத்திருப்பாரா? நாலு பெட்டி முடிந்து அஞ்சாவது போய்க்கொண்டிருந்தது, பையன் இன்னும் முதல் பெட்டியிலேயே நின்றான். காசு கொடுக்கும் முன் போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு ஒரு பதிவு போட்டுக் காட்டச் சொல்லியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். நீங்களாவது அப்படிக் காட்டச் சொல்லுங்கள்.

சரி, இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஜூலையில் நடந்ததுதான் தாங்கவில்லை. ஒரு படகுக்குக் கணக்கு முடித்தோம். சிட்டையில் முன்பணத்துக்காக 8,000 பிடித்து மீதி சரியாக வந்தது. ஆனால் முன்பணப் பாக்கியில் அந்த 8,000 குறையவே இல்லை. படகுக்காரர் அப்பா வயதுள்ளவர். ஏலத்துக்கு வந்த அத்தனை பேர் முன்னாலும் சிட்டையை நீட்டி, "தம்பி, எட்டாயிரம் பிடிச்சிருக்கு, பாக்கி அப்படியே நிக்குது?" என்றார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. முப்பது வருடமாக எங்களிடம் மீன் போடுகிறவர் அப்படிக் கேட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது.

காரணம் பின்னால்தான் புரிந்தது. சிட்டைக்கு ஒரு சர்வீஸ், முன்பணத்துக்கு வேறொரு சர்வீஸ், இரண்டுக்கும் தனித்தனி டேட்டாபேஸ். சிட்டை எழுதி முடிந்த பிறகு நடுவில் இணைப்பு அறுந்தால் மற்றது எழுதப்படாது. எது நின்றது என்று பார்த்துச் சரிசெய்யவும் யாரும் எதுவும் எழுதி வைக்கவில்லை. அவர்கள் போட்ட டேட்டாபேஸான மோங்கோடிபி மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. பல பதிவுகளைச் சேர்த்து ஒன்றாக முடிக்கிற வசதி 2018ல் வந்த 4.0 பதிப்பிலிருந்தே அதில் உண்டு. ஒரே டேட்டாபேஸில் போட்டு அந்த வசதியைத் தொட்டிருந்தாலே போதும். ரூபாயை ஃப்ளோட் எனும் தோராயப் புள்ளி எண்ணாக வைத்ததால் ஒரு நாள் பாக்கி 4,199.9999999 என்று வந்த கூத்து தனி.

அப்புறம் பில். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில். எங்களுக்கு ஏலமே கிட்டத்தட்ட இல்லை. ஆனால் மாதா மாதம் 17,000க்குக் குறையாமல் பில் வந்துகொண்டிருந்தது. அமேசானின் வாடகை சர்வர் சேவையில் குபர்நெட்டிஸ் கிளஸ்டர் எனும் மெஷின் மேய்க்கும் ஏற்பாடு ஒன்றை வைத்திருந்தாலே, உள்ளே எதுவும் ஓடாவிட்டாலும், மணிக்கு 10 சென்ட் என்பது விலைப்பட்டியலில் வெளிப்படையாகவே இருக்கிறது. மாதத்துக்கு 72 டாலர். அதற்குமேல் மெஷின்களுக்குத் தனி. இவர்கள் சோதனைக்கு என்று இன்னொரு கிளஸ்டரையும் அணைக்காமல் விட்டிருந்தார்கள். குபர்நெட்டிஸ் 2014ல் கூகுள் வெளியிட்டது, ஏகப்பட்ட மெஷின்களை மேய்க்கிறவர்களுக்கானது. எங்களிடம் மேய்க்க என்ன இருந்தது? யாருமே தொடாத மாதத்துக்குப் பில் எவ்வளவு என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சில் விடாதீர்கள்.

போன் செய்தால் "பார்க்கிறோம் சார்" என்பார்கள். செய்த பையன் செப்டம்பரில் பெரிய கம்பெனிக்குப் போய்விட்டான். லிங்க்ட்இன்னில் எங்கள் கடை ஆப்பைப் பற்றிப் போட்டிருந்தான்: ஆயிரக்கணக்கான மீனவர்களுக்கான தளமாம். அதற்குப் பிறகு அந்த ஒன்பது சர்வீஸையும் புரிந்தவர் அங்கே யாரும் இல்லை. சரிசெய்ய இன்னும் இரண்டு லட்சம் கேட்டார்கள்.

ஒன்பது என்று எனக்கு எப்படித் தெரியும்? நவம்பரில் அக்கா மகன் மதுரையிலிருந்து வந்திருந்தான், அவனும் இதே தொழில்தான். கம்பெனியிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய சோர்ஸ் கோட் ஃபைல்களைத் திண்ணையில் உட்கார்ந்து திறந்து, விரல் விட்டு எண்ணினான். லாகினுக்கு ஒன்று, ஏலத்துக்கு ஒன்று, அறிவிப்புக்கு ஒன்று. "மாமா, ஆளுக்கு ஒண்ணரை சர்வீஸ் வருது" என்றான்.

இப்போது ஓடுவது அவன் ராத்திரி ராத்திரியாக எழுதியது. போனிலேயே எஸ்க்யூலைட் எனும் குட்டி டேட்டாபேஸில் முதலில் பதிவாகிவிடும், சிக்னல் வரும்போது மேலே சர்வருக்குப் போகும். 2000த்தில் வந்த சாமான் அது, எல்லா ஆண்ட்ராய்டு போனிலும் ஏற்கெனவே இருக்கிறதாம். மேலே ஜாங்கோவில் எழுதிய ஒரே ஒரு புரோகிராம், போஸ்ட்கிரெஸ் எனும் ஒரே ஒரு டேட்டாபேஸ். முன்பணம் கழிவதும் சிட்டை ஏறுவதும் ஒன்றாக நடக்கும், இல்லாவிட்டால் இரண்டும் நடக்காது. ரூபாயைப் பைசாவாக, முழு எண்ணாக வைத்திருக்கிறான். சர்வர் வாடகை மாதம் ஆயிரத்துக்குள். முதல் வாரம் ஒரே பெட்டி நண்டு இரண்டு தடவை ஏறிவிட்டது, சிக்னல் திரும்ப வந்ததும் மறுபடி அனுப்பிவிட்டதாம். ஒவ்வொரு பதிவுக்கும் போனிலேயே தனி எண் கொடுத்து அதைச் சரிசெய்தான். நாளைக்கு அவனால் முடியாவிட்டாலும் ஜாங்கோவும் போஸ்ட்கிரெஸும் தெரிந்தவர் மதுரையில் தெருவுக்கு ஒருவர் கிடைப்பார் என்பதால்தான் இதை எடுத்தேன் என்றான். சென்னைக்காரர்களிடம் நான் கேட்க மறந்த கேள்வி அது.

சர்வர் கணக்கு, ப்ளே ஸ்டோர் கணக்கு இரண்டும் அவர்கள் ஈமெயிலில்தான் திறந்திருந்தார்கள். உங்கள் ஈமெயிலில் திறக்கச் சொல்லுங்கள், பாஸ்வேர்டு உங்களிடம் இருக்கட்டும். நான் அதைச் செய்யாததால், தடைக்காலம் போக மார்ச் முதல் நவம்பர் வரையுள்ள ஏழு மாதக் கணக்கை எடுத்துக் கொடுக்க 60,000 கேட்டார்கள். என்ன செய்வது என்று தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது எங்கள் கணக்குப்பிள்ளை ஒன்றும் பேசாமல் மேசை டிராயரைத் திறந்து நீள நோட்டை எடுத்து வைத்தார். நான் வேண்டாம் என்று சொன்ன பிறகும் ஒரு நாள் விடாமல் எழுதியிருக்கிறார்.

இரவில் அவர் படிக்கப் படிக்க நான் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். நேற்றோடு ஆகஸ்ட் முடிந்தது.