மூன்று ஹெடர்களில் முடிந்த வேலை: ஸ்டாண்டர்ட் வெப்ஹூக்ஸ் பற்றி

ஒரு செயலியில் ஆர்டர் உறுதியானதும் இன்னொரு செயலியில் இன்வாய்ஸ் உருவாக வேண்டும். எங்களுக்குத் தேவைப்பட்டது அவ்வளவுதான். ஆர்டர் பக்கம் நாங்கள் பைத்தானில் எழுதியது, கணக்குப் பக்கம் வேறொரு குழு நோடில் (சர்வரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட்) எழுதியது. சர்வர், டேட்டாபேஸ், டொமைன் எல்லாமே தனித்தனி. இரண்டையும் இணைக்க ஸ்டாண்டர்ட் வெப்ஹூக்ஸ் என்ற திறந்த விதிமுறையையும் அதோடு கிடைக்கும் லைப்ரரிகளையும் எடுத்துக்கொண்டோம். இதே வேலையில் இறங்கப் போகிறவர்களுக்கு இதை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆனால் இது எங்கே நின்றுவிடுகிறது என்பதையும் தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது.

வெப்ஹூக் என்பது பழைய விஷயம். ஒரு பக்கம் ஏதாவது நடந்தால், அது இன்னொரு பக்கத்தின் முகவரிக்கு ஒரு போஸ்ட் ரிக்வெஸ்ட் (தகவல் சுமந்து போகும் இணையக் கோரிக்கை) அனுப்பும். சிக்கல் என்னவென்றால், அந்த முகவரி தெரிந்த யாரும் அங்கே எதையும் அனுப்பலாம். வந்தது உண்மையிலேயே நம் ஆர்டர் செயலியிலிருந்துதானா என்று கணக்குச் செயலிக்கு எப்படித் தெரியும்? இதற்கு ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு வழி வைத்திருந்தது. நாங்கள் முன்பு இணைத்த ஒரு சேவை, ரகசியச் சாவியை யூஆர்எல்லிலேயே ஒட்டி அனுப்பச் சொன்னது. அந்த யூஆர்எல்லைப் பார்க்கும் ஒவ்வொரு ப்ராக்ஸியும் (இடைநிலை சர்வர்) ஒவ்வொரு லாக் ஃபைலும் அதை அப்படியே எழுதி வைத்துக்கொள்ளலாம். ஹெச்டிடிபிஎஸ் போட்டிருக்கிறோமே என்ற பதில் அங்கே உதவாது. ஹெச்டிடிபிஎஸ் பாதுகாப்பது பாதையை மட்டும்தான், லாக்கை இல்லை.

ஸ்டாண்டர்ட் வெப்ஹூக்ஸ் 2023இல் வெளிவந்தது. ஸ்விக்ஸ் நிறுவனம் முன்னெடுத்தது, ஜாப்பியர், ட்விலியோ போன்றவர்களும் வழிநடத்தும் குழுவில் இருக்கிறார்கள். இதில் புதிய கணிதம் எதுவும் இல்லை, எனக்குப் பிடித்ததே அதுதான். உள்ளே இருப்பது எச்மேக் (ரகசியச் சாவியால் செய்திக்குக் கையொப்பமிடும் முறை), கூடவே ஷா-256 (எந்தச் செய்தியையும் ஒரே நீளக் குறியீடாகச் சுருக்கும் ஹாஷ் முறை). எச்மேக் 1997இல் ஆர்எஃப்சி 2104 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாக வந்தது. இத்தனை ஆண்டுகளாக உலகம் முழுக்க அடித்துத் துவைத்துப் பார்த்த ஒன்றை எடுத்து, அதை எப்படிப் பயன்படுத்துவது என்பதை மட்டும் தீர்மானித்து வைத்திருக்கிறார்கள்.

அந்தத் தீர்மானம் மூன்று ஹெடர்களில் (ரிக்வெஸ்டின் தலைப்பில் போகும் சிறு தகவல்கள்) அடங்கிவிடுகிறது: செய்தியின் ஐடி, அனுப்பிய நேரம், கையொப்பம். ஐடி, ஒரு புள்ளி, நேரம், ஒரு புள்ளி, பிறகு பாடி (செய்தியின் உள்ளடக்கம்) முழுவதும் என்று ஒரே சரமாகக் கோத்து, இரு பக்கமும் வைத்திருக்கும் சாவியால் கையொப்பமிட வேண்டும். பாடிக்கு மட்டும் கையொப்பமிட்டு நிறுத்திவிடாதது முக்கியம். பாடிக்கு மட்டும் கையொப்பமிட்டால், நேற்றைய உண்மையான செய்தியை ஒருவன் பிடித்து வைத்து, இன்று புது நேரம் ஒட்டி மறுபடி அனுப்பலாம், கையொப்பமும் சரியாகவே இருக்கும். இங்கே நேரமும் ஐடியும் கையொப்பத்துக்குள் இருப்பதால் இரண்டையும் தொட முடியாது. லைப்ரரி ஐந்து நிமிடத்துக்கு மேல் பழையதையும் ஏற்காது, ஐந்து நிமிடத்துக்கு மேல் எதிர்காலத்திலிருந்து வருவதையும் ஏற்காது. ஆகவே இரண்டு சர்வரிலும் என்டிபி (கடிகாரத்தைச் சரியாக வைக்கும் சேவை) ஓட வேண்டும். கடிகாரம் நகர்ந்துவிட்ட சர்வரில் எல்லாச் செய்தியும் ஒட்டுமொத்தமாக நிராகரிக்கப்படும், காரணம் கண்டுபிடிக்க நேரமாகும்.

சாவி மாற்றுவதை யோசித்திருக்கும் விதம் அழகு. கையொப்ப ஹெடரில் இடைவெளி விட்டு ஒன்றுக்கு மேற்பட்ட கையொப்பங்களை வைக்கலாம், அதில் ஒன்று பொருந்தினாலே போதும். பழைய சாவி, புதிய சாவி இரண்டாலும் கையொப்பமிட்டு அனுப்ப ஆரம்பிக்கிறோம். எதிர்ப் பக்கம் தனக்கு வசதியான நாளில் புதிய சாவிக்கு மாறிக்கொள்கிறது. அப்புறம் பழையதை எடுத்துவிடுகிறோம். இரண்டு குழுவும் ராத்திரி ஒரே நேரத்தில் உட்கார்ந்து டிப்ளாய் செய்ய வேண்டியதில்லை. சாவிக்கென்று ஒரு நிலையான முன்னொட்டும் உண்டு, எங்காவது கிட்டுக்குள் (நிரலைச் சேமித்து வைக்கும் இடம்) விழுந்துவிட்டால் தேடிப் பிடிக்க அது உதவும்.

நோட் பக்கம் நிரல் என்று பார்த்தால் இரண்டு வரிதான். சாவியைக் கொடுத்து ஒரு ஆப்ஜெக்ட் உருவாக்கு, பாடியையும் ஹெடர்களையும் கொடுத்து வெரிஃபை என்று கூப்பிடு. தவறாக இருந்தால் எக்செப்ஷன் வீசும், அதாவது வேலை அங்கேயே நின்றுவிடும். உண்மை பொய் என்று திருப்பித் தராமல் எக்செப்ஷன் வீசுவது சரியான முடிவு, திரும்பி வந்த மதிப்பைப் பார்க்க மறந்தாலும் போலிச் செய்தி உள்ளே போகாது. கையொப்பங்களை ஒப்பிடும்போது எத்தனை எழுத்து பொருந்தியது என்பது நேர வித்தியாசத்தில் கசியாதபடி ஒப்பிட வேண்டும். கையால் எழுதுகிறவர்கள் இரட்டைச் சமக்குறி போட்டு விட்டுவிடும் இடம் அது. லைப்ரரி அதைப் பார்த்துக்கொள்கிறது. பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட், கோ, ரஸ்ட், ரூபி, பிஹெச்பி, ஜாவா என்று பல மொழிகளுக்கும் இருப்பதால், வேறு வேறு மொழியில் எழுதும் இரு குழுக்களுக்கு இது பெரிய நிம்மதி.

சரி, எல்லாரும் தடுக்கி விழும் இடத்துக்கு வருகிறேன். கையொப்பம் பாடியின் பைட்டுகளுக்கு, அதில் உள்ள தகவலுக்கு இல்லை. நோடில் எக்ஸ்பிரஸ் என்ற வெப் ஃபிரேம்வொர்க் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் ஜேசன் பார்சரை (ஜேசன் உரையை ஆப்ஜெக்டாக மாற்றும் பகுதி) எல்லாப் பாதைக்கும் பொதுவாகப் போட்டிருப்பார்கள். நம் கைக்கு வரும்போது பாடி ஏற்கெனவே ஆப்ஜெக்டாக மாறியிருக்கும். அதைத் திரும்ப ஜேசன் சரமாக்கி வெரிஃபை செய்தால், பைத்தான் காற்புள்ளிக்குப் பின் விட்ட ஓர் இடைவெளி இங்கே காணாமல் போயிருக்கும். அதைவிட, தமிழ் எழுத்து இருந்தால் இன்னும் வேடிக்கை: பைத்தான் தன் இயல்பில் தமிழ் எழுத்துகளை யூனிகோட் எஸ்கேப்பாக (எழுத்தின் எண் குறியீடாக) மாற்றி அனுப்பும், நோட் அவற்றை எழுத்தாகவே எழுதும். தகவல் ஒன்றுதான், பைட்டுகள் வேறு. கையொப்பம் பொருந்தாது, பொருந்தவும் கூடாது. அந்த ஒரு பாதைக்கு மட்டும் ரா பாடி (மாற்றப்படாத பைட்டுகள்) வாங்கி, முதலில் சரிபார்த்து, அதற்குப் பிறகே பார்ஸ் செய்ய வேண்டும். இது லைப்ரரியின் குறை இல்லை, ஆனால் உங்கள் ஃபிரேம்வொர்க் ரா பாடியை எப்படித் தரும் என்று தெரிந்துகொண்ட பிறகே மற்ற வேலையைத் தொடங்குங்கள்.

இனி, இது செய்யாதவை. ஒரே செய்தி இரண்டு முறை வந்தால் லைப்ரரி தடுக்காது. சரியான பதில் வராமல் மறுபடி அனுப்பும் ரீட்ரையில் ஐடி மாறாது, நேரம் மட்டும் புதிதாக இருக்கும். ஐடி அப்படியே இருப்பது, அதைப் பார்த்து ஏற்கெனவே வேலை முடிந்துவிட்டதா என்று நீங்கள் தெரிந்துகொள்வதற்காக. கணக்குச் செயலியில் ஐடிக்கு ஒரு டேபிள், அதில் யூனிக் கன்ஸ்ட்ரெயின்ட் (ஒரே ஐடி இரண்டாம் முறை நுழைய முடியாத கட்டுப்பாடு), இன்வாய்ஸ் உருவாக்கும் அதே ட்ரான்ஸாக்ஷனுக்குள் (எல்லாம் சேர்ந்து பதிவாகும், இல்லையென்றால் எதுவும் பதிவாகாது) ஐடியையும் எழுதுவது என்று வைத்தோம். இது இல்லாமல் பணம் சம்பந்தப்பட்ட எதையும் வெப்ஹூக்கில் ஓட்டாதீர்கள். வரிசைக்கும் உத்தரவாதம் கிடையாது, ஆர்டர் ரத்தானதைச் சொல்லும் செய்தி ஆர்டர் செய்திக்கு முன்னால் வந்து நிற்கலாம். எங்கள் பக்கம் செய்தியில் ஆர்டர் எண்ணை மட்டும் வைத்து, மீதியை ஏபிஐயில் கேட்டு வாங்கும்படி செய்ததில் அந்தத் தலைவலி பெரும்பாலும் தீர்ந்தது. தகவலை மறைப்பதும் இதன் வேலை இல்லை. கையொப்பம் யார் அனுப்பியது என்று சொல்லும், உள்ளே இருப்பதை மூடாது. அதற்கு டிஎல்எஸ் (ஹெச்டிடிபிஎஸுக்குள் இருக்கும் மறையாக்கம்) தான்.

வாடிக்கையாளர்களே முகவரி கொடுக்கும் சேவையை நீங்கள் நடத்தினால் இன்னொரு ஆபத்தும் சேரும். யாராவது 169.254.169.254 என்று கொடுத்தால், கிளவுடின் உள் தகவல் முகவரிக்கு உங்கள் சர்வரே போய்க் கதவைத் தட்டும். உள் நெட்வொர்க் முகவரிகளை மறுக்கும் ஒரு ப்ராக்ஸி வழியாக மட்டுமே வெளியே அனுப்புங்கள்.

வேறு வழிகளும் இருக்கின்றன. ஓஆத் 2.0 என்ற அனுமதித் தரநிலையில் செயலிக்குச் செயலி டோக்கன் வாங்கும் முறை நல்லதுதான், ஆனால் டோக்கன் தரும் சர்வர் ஒன்றை யாராவது பராமரிக்க வேண்டும். எம்டிஎல்எஸ் (இரு பக்கமும் சான்றிதழ் காட்டும் டிஎல்எஸ்) பலமானது, சான்றிதழ்களைப் புதுப்பிக்க ஆள் இருக்கும் இடத்துக்குப் பொருந்தும். 2024இல் வந்த ஆர்எஃப்சி 9421 என்ற கையொப்ப விதிமுறை ரிக்வெஸ்டின் எந்தப் பகுதியைக் கையொப்பமிடுவது என்பதை நம் விருப்பத்துக்கே விடுகிறது. அந்தச் சுதந்திரம் பெரிய அமைப்புகளுக்குத் தேவைப்படலாம். இரண்டே செயலிகளுக்கு, நான் எடுக்க வேண்டிய முடிவுகள் குறைவாக இருக்கும் கருவியே பாதுகாப்பானது என்று நினைக்கிறேன்.

ஒரே ஒரு மனத்தாங்கல் உண்டு. இரு பக்கமும் ஒரே சாவி என்பதால், செய்தியைப் பெறுகிறவரும் அனுப்பியவர் போலவே கையொப்பமிட முடியும். ஒரே நிறுவனத்தின் இரு குழுக்களுக்குள் அது பரவாயில்லை. வெளியாட்களோடு தகராறு வந்தால் 'இதை நீங்கள்தான் அனுப்பினீர்கள்' என்று நிரூபிக்க அது உதவாது. அதற்காக விதிமுறையிலேயே எட்25519 என்ற இரு சாவி முறையும் இருக்கிறது: அனுப்புகிறவரிடம் தனிச் சாவி, மற்ற எல்லாரிடமும் பொதுச் சாவி. வெளி நிறுவனங்களுக்குச் செய்தி அனுப்பும் பகுதியை அடுத்து எழுதப்போகிறோம். அதில் தொடக்கத்திலிருந்தே எட்25519தான்.