ரங்கூனில் பெயரில்லாத மாத்திரைப் பொட்டலம்

இந்த முறை ரங்கூன் போய் வந்ததில் இன்னும் மனசு ஆறாத ஒரே விஷயம், அத்தை வீட்டுத் தெருமுனை மருந்துக்கடை. அத்தைக்கு ரொம்ப காலமாக இளைப்பு, கூடவே சர்க்கரை. கரண்ட் போனதும் தெரு முழுக்க ஜெனரேட்டர் போட்டு விடுகிறார்கள், அந்த டீசல் புகை வீட்டுக்குள் வந்து நெஞ்சை அடைக்கிறது, அந்த நேரம் பார்த்து, மருந்தைப் புகைபோல ஆக்கி மூச்சில் இழுக்க வைக்கும் நெபுலைசர் மெஷினும் ஓடாது. இப்படிப்பட்ட ஊரில் இளைப்பு வராமல் முன்கூட்டியே தடுப்பதுதான் முக்கியம்.

ஆனால் கடையில் தருவது என்ன? சின்ன பிளாஸ்டிக் உறையில் வெள்ளை மாத்திரை ஒன்று, பழுப்பில் ஒன்று. பெயர் கிடையாது, அளவு கிடையாது, காலாவதித் தேதியும் கிடையாது. "இளைப்பு வந்தா ஒரு பொட்டலம் போடுவேன் தம்பி, நின்னுட்டா விட்டுடுவேன்" என்றார் அத்தை. கடைக்காரரிடம் மல்லுக்கட்டி அட்டையைப் பார்த்தால் பழுப்பு நிறத்தில் இருந்தது மான்டெலுகாஸ்ட் 10 மி.கி., வெள்ளை பிரெட்னிசோலோன்!

மூச்சுக்குழாயைச் சுருக்கி வீங்க வைக்கும் லூக்கோட்ரையீன் என்று உடம்பில் சுரக்கும் பொருள் வேலை செய்யாமல் தடுப்பதுதான் மான்டெலுகாஸ்ட். உடம்பு நன்றாக இருந்தாலும் தினமும் சாயங்காலம் போட வேண்டியது, வந்துவிட்ட இளைப்பை அது நிறுத்தாது. பிரெட்னிசோலோனோ ஸ்டீராய்டு, இளைப்பு முற்றும்போது டாக்டர் சில நாளைக்குத் தருவது. சர்க்கரையை ஏற்றும், அடிக்கடி தின்றால் எலும்பையும் அரிக்கும், நெடுநாள் தின்றுவிட்டு டக்கென்று நிறுத்தவும் கூடாது. இரண்டையும் ஒரே உறையில் போட்டு ஒரு வார்த்தை சொல்லாமல் விற்கிறார்கள்.

சிங்கப்பூரில் மருந்து வாங்கினால் நம் பெயர், மருந்தின் பெயர், எத்தனை வேளை எல்லாம் அச்சடித்துத் தருகிறார்கள். அதை விடுங்கள், அந்தக் காலக் கம்பவுண்டர் மிக்ஸ்சர் பாட்டிலில் அளவுக்குக் காகிதம் வெட்டி ஒட்டி, எந்த வேளைக்கு என்று சொல்லி அனுப்புவாரே, அந்த அக்கறை எங்கே போனது?

அப்புறம் டாக்டரிடம் கூட்டிப் போனோம். தினப்படி தடுப்புக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர்தான் முதலில், மாத்திரை அதற்குத் துணை என்றார். மான்டெலுகாஸ்ட் சிலருக்குக் கெட்ட கனவு, மனச்சோர்வு, தற்கொலை எண்ணம்கூடக் கொண்டுவரலாம், 2020-இல் அமெரிக்க மருந்து நிர்வாகமே கடுமையாக எச்சரித்தது, அதனால் அத்தையின் போக்கில் மாற்றம் தெரிந்தால் உடனே வரச் சொன்னார். ஊரில் பெரியவர்களுக்கு மருந்து வாங்கித் தருபவர்கள் தயவுசெய்து முழு அட்டையாகக் கேட்டு வாங்குங்கள், தினமும் போடுவதா, இளைப்பு வரும்போது மட்டுமா என்று அதன் மேலேயே தமிழில் எழுதிக் கொடுங்கள்.