அந்தமான் பேக்கேஜ்: கடல் மேல் பழி போட்டு எங்களை ஏமாற்றிய கதை

அந்தமானுக்கு டூர் பேக்கேஜ் போடப் போகிறவர்கள் பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நாங்கள் ஐந்து பேர்: நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், 68 வயதான அம்மா. 2025 பொங்கல் லீவில் போனோம். விமான டிக்கெட் தனியாக நானே போட்டது. மற்றதெல்லாம் சேர்த்து 1,24,000 ரூபாய்க்குப் பேசி, 86,000 முன்பணமாகக் கட்டினேன். அந்தப் பணத்துக்குக் கிடைத்தது போர்ட் பிளேரில் இரண்டு நாள் ரூமும் ஒரு காரும்தான். போட் டிக்கெட் கிடையாது, தீவில் ரூமும் கிடையாது.

நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. விவகாரம் இன்னும் நுகர்வோர் ஆணையத்தில் இருக்கிறது. பெயரைவிட அவர்கள் வேலை செய்யும் விதம் தெரிவதுதான் உங்களுக்கு உதவும், ஏனென்றால் பெயரை அடிக்கடி மாற்றிக்கொள்கிறார்கள்.

இன்ஸ்டாகிராமில் பார்த்துத்தான் பிடித்தேன். ராதாநகர் பீச் வீடியோ, நல்ல மதுரைத் தமிழில் பேச்சு. "அம்மாவைப் பத்திக் கவலையே படாதீங்க சார், எங்கம்மா மாதிரி பாத்துக்கறோம்" என்றான் அந்த நிறுவனத்துப் பையன். பணம் ஒரு தனி ஆளின் பெயருக்கு ஜிபே பண்ணச் சொன்னபோது கேட்டேன். "அது எங்க அக்கவுண்டண்ட் சார், பில் கம்பெனி பேர்லயே வரும்" என்றான். சரி என்று அனுப்பிவிட்டேன். பில் இன்றுவரை வரவில்லை.

அப்புறம் ஒரு பிடிஎஃப் வந்தது. "6 நாள், 7 தீவுகள்" என்று பெரிய எழுத்தில். ரோஸ், நார்த் பே, ஹேவ்லாக், ஸ்வராஜ் த்வீப், நீல், ஜாலிபாய், ரெட்ஸ்கின். வீட்டில் எல்லோரும் எண்ணிப் பார்த்துச் சந்தோஷப்பட்டோம். ஏமாறப்போவது அந்த ஒரு வரியிலேயே எழுதியிருந்தது. ஹேவ்லாக்குக்கு 2018 டிசம்பரில் அரசு வைத்த புதுப் பெயர்தான் ஸ்வராஜ் த்வீப். ஒரே தீவை இரண்டாக எண்ணிக் காசு வாங்கியிருக்கிறார்கள். ஜாலிபாயும் ரெட்ஸ்கின்னும் வண்டூர் பக்கம் உள்ள கடல் தேசியப் பூங்காவில் இருக்கின்றன. பவளப்பாறைக்கு ஓய்வு கொடுப்பதற்காக ஒன்று திறந்திருக்கும்போது மற்றதை மூடிவிடுவார்கள். இரண்டையும் ஒரே பயணத்தில் பார்க்கவே முடியாது. கூகுளில் ஐந்து நிமிடம் தேடியிருந்தால் தெரிந்திருக்கும். நான் தேடவில்லை.

முதல் நாள் நன்றாகத்தான் போனது. ஏர்போர்ட்டில் பெயர்ப் பலகையோடு டிரைவர் நின்றார். செல்லுலார் ஜெயில் பார்த்தோம். அம்மா ஒவ்வொரு அறையின் கம்பியையும் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். மீதிப் பணத்தை அன்றைக்குக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். நல்லவேளை, ஹேவ்லாக்கில் தந்தால் போதும் என்று அவர்களே சொல்லியிருந்தார்கள்.

இரவு ஒன்பதரைக்கு மெசேஜ். "நாளைக்குக் கடல் ரஃப் சார். போர்ட்ல நிறுத்தச் சொல்லிட்டாங்க. ஃபெர்ரி கேன்சல். நாளன்னிக்குப் போயிடலாம். இயற்கை சார், நம்ம கையில என்ன இருக்கு?" நான் என்ன பதில் போட்டேன் தெரியுமா? "பரவாயில்லை தம்பி, சேஃப்டிதான் முக்கியம்." இப்போது அதைப் படித்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது.

காலையில் எழுந்து மொட்டைமாடிக்குப் போனேன். கொடியில் காயப்போட்டிருந்த துண்டு அசையவே இல்லை. காற்றே இல்லாவிட்டாலும் எங்கோ தூரத்தில் கிளம்பிய அலை இங்கே வந்து ஆட்டும் என்று படித்திருக்கிறேன், அதனால் அதையும் நம்பினேன். அரைகுறைப் படிப்பு இப்படித்தான் காலை வாரும். காபி கொண்டுவந்த ஹோட்டல் பையன் தமிழ்ப் பையன், தாத்தா காலத்தில் ராமநாதபுரத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். அவன்தான் கேட்டான், "நீங்க ஹேவ்லாக் போகலையா அண்ணே? காலைல ரெண்டு கப்பல் போயிருச்சே."

ஆட்டோ பிடித்து ஹாடோ துறைமுகத்துக்கு ஓடினேன். தனியார் கப்பல்கள் அங்கிருந்துதான் புறப்படும். ஏர்போர்ட் மாதிரியே அடையாள அட்டை பார்த்து, பையை ஸ்கேன் பண்ணி உள்ளே விடுகிறார்கள். கவுண்டரில் இருந்த பெண்ணிடம் என் பிடிஎஃப் டிக்கெட்டைக் காட்டினேன். பிஎன்ஆரைத் தட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் ஸ்கிரீனை என் பக்கம் திருப்பினார். அந்த பிஎன்ஆரில் இருந்தது இரண்டே பேர். வயது 27, 25. பயணத் தேதி போன வாரம். யாரோ ஒரு தேனிலவு ஜோடியின் டிக்கெட்டை எடுத்து, பெயரையும் தேதியையும் மாற்றி, எங்கள் ஐந்து பேரையும் அதற்குள் ஏற்றியிருக்கிறார்கள். உற்றுப் பார்த்தால் எங்கள் பெயர் மட்டும் வேறு எழுத்துருவில் இருந்தது. இரண்டு மாதமாக என் போனில் இருந்த டிக்கெட். ஒரு தடவைகூடக் கவனிக்கவில்லை.

"இன்னைக்கு எதுவும் கேன்சல் ஆகல சார்" என்றார் அந்தப் பெண். அவர் விளக்கியபோதுதான் ஏன் எப்போதும் கடல் மேலேயே பழி போடுகிறார்கள் என்று புரிந்தது. நிஜமாகவே கடல் மோசமாகித் துறைமுகம் படகுகளை நிறுத்தினால், கப்பல் கம்பெனி டிக்கெட்டில் உள்ள போன் நம்பருக்குச் செய்தி அனுப்பும். பணம் புக் பண்ணியவரின் கணக்குக்கே திரும்பிப் போகும். ஏஜென்ட் தன் நம்பரைக் கொடுத்திருந்தால் செய்தியும் அவனுக்கு, பணமும் அவனுக்கு. நமக்கு "இயற்கை சார்" மட்டும்தான். டிக்கெட்டே போடாதவனுக்கும் அதே வசனம் கைகொடுக்கிறது. மழையும் காற்றும் அங்கே சகஜம் என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் யாரும் மறுத்துப் பேசுவதில்லை.

அங்கேயே நின்று ஏஜென்ட் பையனுக்குப் போன் பண்ணினேன். முதலில் "சிஸ்டம் எரர் சார்" என்றான். தேனிலவு ஜோடியைப் பற்றிக் கேட்டதும் லைன் கட். அதற்குப் பிறகு அந்த நம்பர் என்னை பிளாக் பண்ணிவிட்டது. டிரைவரும் மதியத்திலிருந்து வரவில்லை. பாவம், அவருக்கும் இரண்டு நாள் வாடகை பாக்கியாம். ஹோட்டல் பையன் சொல்லித் தெரிந்தது.

பொங்கல் கூட்டத்தில் தனியார் கப்பல் எதிலும் ஐந்து சீட் சேர்ந்து இல்லை. ஃபீனிக்ஸ் பே படகுத்துறையில் அரசு ஃபெர்ரி இருக்கிறது, போய்ப் பாருங்கள் என்று அந்தப் பெண்தான் வழி சொன்னார். வரிசையில் நின்று மறுநாள் காலைக்கு ஐந்து டிக்கெட் வாங்கினேன். தனியார் கப்பலுக்கு ஆவதில் பாதிகூட ஆகவில்லை. நேரம் கொஞ்சம் கூட எடுக்கும், இருக்கை சுமார்தான். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். தனியார் ஏசி கப்பலில் பெரும்பாலும் கண்ணாடிக்குள்ளேயே உட்கார்ந்து போக வேண்டும். இதில் மேல்தளத்துக்குப் போகலாம். அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு முழு நேரமும் நின்றார். பறவை மீன் கூட்டம் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு கிளம்பி, கொஞ்ச தூரம் பறந்து மறுபடி விழுவதைப் பார்த்துவிட்டு, "இதுகளுக்குக் கடல் ரஃப் இல்லையாக்கும்" என்றார். அன்றைக்கு நான் சிரித்தது அப்போதுதான்.

ஹேவ்லாக் படகுத்துறையில் இறங்கி, வவுச்சரில் இருந்த ரிசார்ட்டுக்குப் போனால் அங்கேயும் அதே கதை. எங்கள் பெயரில் ரூம் பிடித்து வைத்தது உண்மை. பணம் கட்டாததால் ஒரு வாரத்துக்கு முன்பே தானாக ரத்தாகிவிட்டது. விஜய்நகர் பக்கம், ஐந்தாம் நம்பர் பீச் என்பார்கள், அங்கே ஒரு வீட்டில் இரண்டு அறை கிடைத்தது. மீன் குழம்பு நன்றாக இருந்தது. அதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

ஹேவ்லாக்கில் இருக்கும் எலிஃபண்ட் பீச்சில் நடப்பதை மோசடி என்று சொல்ல முடியாது, ஆனாலும் தெரிந்துகொள்ளுங்கள். "ஸ்நார்க்லிங் இலவசம்" என்று படகு டிக்கெட்டோடு சொல்வார்கள். டியூபில் படுக்க வைத்து இழுத்துப் போய்ப் பத்து நிமிடத்தில் கரைக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். பவளப்பாறை இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும் என்றால் தலைக்கு இவ்வளவு என்று கரையில் பேரம் தொடங்கும். படகில் ஏறுவதற்கு முன்பே எத்தனை நிமிடம், எவ்வளவு தூரம் என்று கேட்டுவிடுங்கள்.

என்னை நிஜமாகக் கோபப்படுத்தியது வேறு. பிடிஎஃப்பில் கடைசி நாள் காலை ஸ்கூபா டைவிங், மதியம் விமானம் என்று போட்டிருந்தார்கள். ஸ்கூபா சொல்லிக்கொடுக்கும் பையனிடம் காட்டியபோது அவன் முகம் மாறிவிட்டது. ஆழத்தில் அழுத்தமான காற்றைச் சுவாசிக்கும்போது உடம்பில் கரைகிற நைட்ரஜன் மெதுவாகத்தான் வெளியேறும். உடனே விமானத்தில் ஏறினால் அழுத்தம் குறைந்து அது குமிழாகிவிடும் ஆபத்து இருக்கிறது. ஒரே ஒரு தடவை மூழ்கினாலும் குறைந்தது 12 மணி நேரம், பல தடவை என்றால் 18 மணி நேரம் விட்டுத்தான் பறக்க வேண்டும். பணத்தை ஏமாற்றியதுகூட ஒரு பக்கம். பதினாறு வயது மகனோடு வருகிறோம் என்று தெரிந்தும் இப்படி ஒரு அட்டவணை போடுகிறவனை என்ன சொல்வது?

நீல் தீவை விட்டுவிட்டோம். ஒரு நாள் போனதில் அதுவும் போய்விட்டது. அந்தமானில் நாள் கணக்கு இப்படித்தான். ஒரு படகு தவறினால் அதன் பின்னால் கோத்திருக்கும் ரூம், கார், அடுத்த படகு எல்லாம் வரிசையாகச் சரியும். ஜனவரியில் ஐந்தரைக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும் என்பதால் சாயங்காலத்தில் சேர்த்துப் பார்க்கலாம் என்றும் முடியாது.

ஊர் திரும்பியதும் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். அது போன பத்தாம் நாள் 31,000 திரும்பி வந்தது, ஒரு வார்த்தை விளக்கம் இல்லாமல். மீதி 55,000க்கு "வானிலை காரணமான ரத்துக்குப் பணம் திருப்பித் தரப்படாது" என்ற நிபந்தனையைக் காட்டினார்கள். அன்றைக்கு ஹாடோவில் புறப்பாட்டு நேரம் எழுதிய பலகையைத் தேதியோடு போட்டோ எடுத்து வைத்திருந்தேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், அவர்கள் அலுவலகம் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. மாவட்ட ஆணையத்தில் 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை. மதுரையிலேயே போட்டிருக்கிறேன்.

நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான், அதுவும் முன்பணம் முழுதாகப் போவதற்கு முன். படகு டிக்கெட் உங்கள் பெயரில், உங்கள் போன் நம்பரில் வேண்டும். வந்ததும் கப்பல் கம்பெனிக்கு நீங்களே போன் பண்ணி பிஎன்ஆரைச் சரிபாருங்கள். ரிசார்ட்டுக்கும் அப்படியே. டிக்கெட்டை மட்டும் நாமே ஆன்லைனில் போட்டுக்கொண்டு மற்றதை ஏஜென்ட்டிடம் விட்டாலும் தப்பில்லை. ஏஜென்ட்கள் எல்லோரும் திருடர்கள் என்று நான் சொல்லவில்லை. எங்களோடு ஃபெர்ரியில் வந்த காரைக்குடிக் குடும்பத்துக்கு ஏஜென்ட்டே துறைமுகத்துக்கு வந்து ஏற்றிவிட்டுப் போனார்.

போன வாரம் மச்சான் ஒரு பிடிஎஃப் அனுப்பி, "மாமா, இது நல்லா இருக்கா பாருங்க" என்றான். புதுப் பெயர், புது லோகோ, அதே ராதாநகர் போட்டோ. இப்போது எட்டுத் தீவுகள். என்ன கூடியிருக்கிறது என்று பார்த்தேன். நீலுக்குக் கீழே ஷஹீத் த்வீப் என்று ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். அது நீலின் புதுப் பெயர்.