பிஎஸ்5 பதிவுகளை வெளி டிஸ்க்குக்கு மாற்றுவது: சில வருடப் பழக்கத்தில் கற்றது

சோனியின் கேம் கன்சோலான பிஎஸ்5-இல், கன்ட்ரோலரில் இருக்கும் கிரியேட் பட்டனை அழுத்தி எதைப் பதிவு செய்தாலும் அது கன்சோலுக்குள்தான் போய்ச் சேரும். முதலில் வந்த மாடலில் உள்ளே இருக்கும் சேமிப்பு 825 ஜிபி எஸ்எஸ்டி. அதில் நம் கைக்குக் கிடைப்பது 667 ஜிபி. பெரிய கேம் ஒன்றே 100 ஜிபியைத் தொடும் காலத்தில், வீடியோக்களும் அதே இடத்துக்குப் போட்டி போடுகின்றன. பிஎஸ் பிளஸ் சந்தாவில் வரும் கிளவுட், கேமின் சேவ் கோப்புகளுக்கு மட்டும்தான். வீடியோ அங்கே ஏறாது. கன்சோலுக்கு ஏதாவது ஆனால் பதிவுகளும் அதோடு போய்விடும். அதனால்தான் வெளி டிஸ்க்கை நான் வெறும் வசதியாகப் பார்ப்பதில்லை, கட்டாயம் என்றே நினைக்கிறேன்.

நண்பர்கள் பலரும் குழம்பும் இடம் ஒன்று உண்டு. ‘ஏற்கெனவே ஹார்ட் டிஸ்க் மாட்டியிருக்கிறேனே, வீடியோ ஏன் அதில் போகவில்லை?’ என்று கேட்பார்கள். கேம்களை வைப்பதற்காக மாட்டும் டிஸ்க்கை பிஎஸ்5 தனக்கே உரிய முறையில் ஃபார்மேட் செய்துவிடுகிறது. அது 250 ஜிபி முதல் 8 டிபி வரை இருக்கலாம். பிஎஸ்4 கேம்களை அதிலிருந்தே ஆடலாம். பிஎஸ்5 கேம்களை அதில் வைத்துக்கொள்ள மட்டும் முடியும், ஆடுவதற்கு உள்ளே திரும்பக் கொண்டுவர வேண்டும். வீடியோவுக்கு அதில் இடமே கிடையாது. கம்ப்யூட்டரில் மாட்டினாலும் அதில் இருப்பதைப் படிக்க முடியாது. வீடியோவுக்கென்று தனியாக ஒரு டிஸ்க்கோ பென் டிரைவோ வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் மாட்டி வைப்பதில் தடை இல்லை. ஆனால் வீடியோ டிரைவை மாட்டியிருக்கும்போது ஃபார்மேட் பக்கம் போகவே வேண்டாம். போனால் எது எந்த டிரைவ் என்று இரண்டு முறை பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

வீடியோ டிரைவை எக்ஸ்ஃபேட் (டிரைவில் கோப்புகளை அடுக்கும் ஒரு முறை) என்ற வகையில் ஃபார்மேட் செய்துகொள்ளுங்கள். ஃபேட்32 என்ற பழைய முறையையும் கன்சோல் ஏற்கும், ஆனால் அதில் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பு நிற்காது. நீளமான 4கே (மிகக் கூர்மையான படத் தரம்) பதிவு அந்த அளவைச் சுலபமாகத் தாண்டும். விண்டோஸில் பயன்படுத்திய பழைய டிஸ்க் பெரும்பாலும் என்டிஎஃப்எஸ் என்ற வேறு முறையில் இருக்கும், அதை பிஎஸ்5 கண்டுகொள்ளவே கொள்ளாது. டிரைவ் பழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு முன் இதைப் பாருங்கள்.

எந்த போர்ட்டில் சொருகுகிறோம் என்பதும் முக்கியம். முதல் மாடலில் முன்பக்கம் இருக்கும் தட்டையான யுஎஸ்பி போர்ட் பழைய 2.0 வேகம்தான், 480 எம்பிபிஎஸ். கை எட்டும் இடத்தில் இருப்பதால் எல்லோரும் அதில்தான் சொருகுவார்கள். பக்கத்தில் இருக்கும் டைப்-சி போர்ட்டும் பின்பக்க போர்ட்டுகளும் 10 ஜிபிபிஎஸ். பெரிய கோப்பு என்றால் வித்தியாசம் நன்றாகவே தெரியும். ஸ்லிம் மாடலில் முன்னால் இரண்டுமே டைப்-சி என்றாலும் அவற்றில் ஒன்று மட்டும்தான் வேகமானது.

காப்பி செய்வதில் சிரமம் எதுவும் இல்லை. பதிவுகள் எல்லாம் இருக்கும் மீடியா கேலரியைத் திறந்து, வேண்டியதை டிக் செய்து, யுஎஸ்பி டிரைவுக்குக் காப்பி செய்யும் வசதியைத் தேர்ந்தால் போதும். டிரைவில் பிஎஸ்5 என்ற ஃபோல்டர் தானாக உருவாகி, அதற்குள் கேமின் பெயர் வாரியாக வீடியோக்கள் அடுக்கப்படும். கோப்பின் பெயரிலேயே தேதியும் நேரமும் இருக்கும். பல மாதம் கழித்துத் தேடும்போது அதுதான் கை கொடுக்கிறது, அதனால் நான் பெயரை மாற்றுவதே இல்லை. பின்னால் ஒரு சொல் சேர்த்துக்கொள்வதோடு சரி. அனுப்பும் முன் கேலரியிலேயே முன்னும் பின்னும் வெட்டிவிடுவது நல்லது. ஒரு மணி நேரப் பதிவில் நமக்கு வேண்டியது பெரும்பாலும் கடைசிச் சில நிமிடங்கள்தான். எல்டன் ரிங் கேமில் ஒரு எதிரியிடம் திரும்பத் திரும்பச் செத்ததெல்லாம் வேண்டாம், வென்ற சண்டை மட்டும் போதும் என்று நினைப்பவன் நான்.

நிஜமாக யோசித்து முடிவெடுக்க வேண்டியது கோப்பு வகையை. 4கே வேண்டுமென்றால் வெப்எம் தவிர வேறு வழி இல்லை. அதைவிடக் குறைந்த தரமான 1080பி-யில் வெப்எம், எம்பி4 இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். வெப்எம் கோப்பை விஎல்சி என்ற வீடியோ பிளேயர் சிக்கலின்றி ஓட்டும். ஆனால் எடிட்டிங் மென்பொருளில் போட்டால் பல இடங்களில் மறுத்துவிடும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் மாற்றிக்கொள்ளலாம், அதற்கு நேரம் பிடிக்கும், கம்ப்யூட்டரும் சூடாகும். என் கருத்து இது: வீட்டு டிவியில் பார்க்கவும் வாட்ஸ்அப்பில் அனுப்பவும்தான் என்றால் 1080பி எம்பி4 வைத்துக்கொள்ளுங்கள். படம் வரைந்தது போன்ற கேம்களின் காட்சிகளைச் சேர்த்து வைப்பவர்களுக்கு மட்டும் 4கே. இதைப் பதிவு செய்யும் முன்பே செட்டிங்கில் மாற்றிவிட வேண்டும். ஏற்கெனவே பதிந்தது பழையபடியேதான் இருக்கும்.

தம்பியும் நானும் பார்ட்டியில் (ஆடும்போதே குரலில் பேசும் பிஎஸ்5 குழு வசதி) பேசிக்கொண்டே ஆடிய பதிவுகள்தான் என்னிடம் இருப்பதிலேயே எனக்குப் பிடித்தவை. குரல் பதிவாக வேண்டுமென்றால் நம் பக்கம் பார்ட்டி ஒலியைச் சேர்க்கும்படி வைக்க வேண்டும், எதிரில் இருப்பவரும் தன் குரலைச் சேர்க்கச் சம்மதித்திருக்க வேண்டும். ஆட ஆரம்பிக்கும் முன் ஒரு சின்னப் பதிவு எடுத்துக் கேட்டுவிடுங்கள். குரல் இல்லாமல் பதிந்ததற்கு அப்புறம் எதுவும் செய்ய முடியாது.

கேமில் ஒரு சாதனைக்காகத் தரப்படும் டிராஃபி கிடைக்கும்போதெல்லாம் தானாகப் பதிவாகும் குட்டி வீடியோக்கள் கேலரியை நிரப்பும். எந்த வகை டிராஃபிக்குப் பதிய வேண்டும் என்று செட்டிங்கில் குறைத்துக்கொள்ளலாம்.

குட்டிப் பதிவுகளுக்கு டிரைவே தேவையில்லை. பிளேஸ்டேஷன் ஆப்பில் தானாக ஏற்றும் வசதியை இயக்கினால் 3 நிமிடத்துக்குக் குறைவான வீடியோ போனுக்கே வந்துவிடும், 4கே மட்டும் வராது. அங்கே 14 நாள்தான் இருக்கும், அதற்குள் போனில் இறக்கிவிட வேண்டும்.

காப்பி ஆனபின் அசல் கன்சோலிலேயேதான் இருக்கும், நாம்தான் அழிக்க வேண்டும். அழிக்கும் முன் டிரைவைக் கம்ப்யூட்டரில் மாட்டி ஒவ்வொரு கோப்பையும் திறந்து, நடுவிலும் கடைசியிலும் ஓட்டிப் பாருங்கள். முடிந்தால் இன்னொரு டிஸ்க்கிலும் ஒரு பிரதி போட்டுவிட்டு, அதன் பிறகு அழியுங்கள்.