நான்கு வருடமாக சிப் ட்ரங்கில் எங்கள் கடைப் போன்

யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதிப் பக்கம் எங்களுக்கு ஒரு கட்டடப் பொருள் கடை. அப்பா காலத்து 021 இலக்கம் ஒன்று, பிறகு எடுத்தது ஒன்று என்று இரண்டு செப்புக்கம்பி லைன் இருந்தது. காலையில் மேசன்மார் சீமெந்துக்கும் கம்பிக்கும் எடுக்கிற அதே நேரத்தில்தான், கனடாவில் இருந்துகொண்டு ஊரில் வீடு கட்டுவிக்கிறவர்களும் எடுப்பார்கள். மூன்றாவதாக எடுப்பவருக்கு எங்கேஜ் சத்தம்தான் கேட்கும். அவர் வேறு கடைக்கு எடுத்துவிடுவார். அந்தச் சத்தத்தை ஒழிக்கத்தான் 2021 கடைசியில் சிப் (SIP) ட்ரங்குக்கு, அதாவது இணைய இணைப்பு வழியாகவே பல கோல்களை ஒன்றாகக் கொண்டுபோகிற முறைக்கு மாறினோம்.

ட்ரங்க் என்றதும் புதிதாக ஒரு வயர் இழுப்பார்கள் என்று அப்பா காத்திருந்தார். அப்படி எதுவும் வராது. கடையில் ஏற்கெனவே இருக்கிற ஃபைபர் இணைப்பு வழியாகவே எங்கள் பி.பி.எக்ஸ். பெட்டி (கோல்களைக் கடைப் போன்களுக்குப் பிரித்துக் கொடுப்பது) போன் கொம்பனியின் சேர்வரோடு கதைக்கும். ஒரே நேரத்தில் எத்தனை கோல் போகலாம் என்பதைச் சனல் கணக்கில் வாங்க வேண்டும். நாங்கள் ஆறு எடுத்தோம். முந்தைய பி.ஆர்.ஐ. என்ற டிஜிட்டல் லைன் முறையில் ஒரு முழு லைனுக்கு 30 சனல். எங்கள் அளவு கடைக்கு அது எதற்கு? பில் புத்தகத்தில் அச்சடித்திருந்த அப்பாவின் இலக்கத்தையே ட்ரங்கில் ஏற்றித் தந்தார்கள். எனக்கு அதுதான் பெரிய நிம்மதி.

ஆனால் முதல் கிழமை சரியான கஷ்டம். நாங்கள் கதைப்பது வாடிக்கையாளருக்குக் கேட்கிறது, அவர் கதைப்பது எங்களுக்குக் கேட்கவில்லை. கொம்பனியைக் குறை சொல்லத்தான் முதலில் வாய் வந்தது. கொக்குவிலில் இருக்கும் மச்சான் வந்து பார்த்துவிட்டுத்தான் விளக்கினார். சிப் என்பது மணி அடிக்க வைப்பது, எடுத்ததையும் வைத்ததையும் அறிவிப்பது, அவ்வளவுதான். குரல் ஆர்.டி.பி. என்ற வேறு பாதையில் போகிறது. குரலை எங்கே அனுப்ப வேண்டும் என்ற விலாசத்தை எங்கள் பெட்டிதான் மற்றப் பக்கத்துக்குச் சொல்கிறது. அது கடைக்குள் மட்டும் செல்லுபடியாகும் 192.168 விலாசத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. அங்கிருந்து குரல் எப்படி வந்து சேரும்? பெட்டியில் வெளி விலாசத்தைப் போட்டு, ரவுட்டரில் இருந்த 'சிப் ஏ.எல்.ஜி.' என்ற வசதியையும் நிறுத்தினார். உதவி செய்வதாகச் சொல்லித் தகவலைக் குழப்புகிற வசதி அது. அன்றோடு அந்தப் பிரச்சினை போனது. புதிதாக ட்ரங்க் எடுப்பவர்கள் இதை முதல் நாளே பாருங்கள்.

வேகத்தைப் பற்றிப் பயப்பட வேண்டாம். குரலைத் தரவாக மாற்றுகிற ஜி.711 என்ற முறையில் ஒரு கோலுக்கு ஒரு பக்கம் வினாடிக்கு ஏறக்குறைய 87 கிலோபிட் போகும். ஆறு கோலும் ஒன்றாக ஓடினாலும் அரை மெகாபிட்டைக் கொஞ்சம்தான் தாண்டும். எங்களுக்குக் குரல் வெட்டி வெட்டி வந்ததற்கு வேகம் காரணமில்லை. சீசீடிவி பதிவு வெளியே ஏறும்போது குரல் பின்னால் வரிசையில் நின்றது. ரவுட்டரில் குரலுக்கு முன்னுரிமை கொடுத்ததும் சரியாகிவிட்டது.

பாதுகாப்பில் மட்டும் அசட்டையாக இருக்கக் கூடாது. பெட்டியை இணையத்துக்குத் திறந்து வைத்திருந்த இரண்டே நாளில், யார் யாரோ கடவுச்சொல்லை ஊகித்து நுழையப் பார்த்தது பெட்டியின் பதிவில் (log) தெரிந்தது. உள்ளே வந்திருந்தால் இரவோடு இரவாக வெளிநாட்டுக்குக் கோல் எடுத்து, பில்லை எங்கள் தலையில் கட்டியிருப்பார்கள். இப்போது கொம்பனியின் சேர்வர் விலாசத்தைத் தவிர வேறு எதற்கும் கதவு திறக்காது. வெளிநாட்டுக் கோலும் பூட்டியிருக்கிறது. எடுக்க வேண்டியவர்களுக்கு வாட்ஸ்அப்பில் எடுக்கிறோம்.

பழைய லைனை நான் நினைத்து ஏங்கியது 2022இல்தான். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. செப்புக்கம்பிக்கு எக்ஸ்சேஞ்சில் இருந்தே மின்சாரம் வரும், கடை இருட்டாக இருந்தாலும் போன் அடிக்கும். ஃபைபர் அப்படியில்லை. ஃபைபர் பெட்டி, ரவுட்டர், பி.பி.எக்ஸ்., மேசைப் போன்கள் எல்லாவற்றுக்கும் நாங்கள்தான் மின்சாரம் கொடுக்க வேண்டும். யூ.பி.எஸ். முக்கால் மணித்தியாலத்தில் படுத்துவிட்டது, ஜெனரேட்டருக்கு டீசலும் கிடைக்கவில்லை. கடைசியில், ட்ரங்க் பதில் சொல்லாவிட்டால் கோல் அக்காவின் கைபேசிக்குப் போகிற மாதிரி கொம்பனிப் பக்கத்திலேயே போட்டுவைத்தோம். கரண்ட் போனாலும் அது வேலை செய்யும், ஏனென்றால் கோல் திரும்புவது எங்கள் பெட்டியில் இல்லை.

இடிக்கு ஃபைபர்தான் நல்லது. முன்பு ஐப்பசி, கார்த்திகையில் கம்பி வழியாக மின்னல் வந்து இரண்டு தடவை, லைன் வந்து சேரும் லைன் கார்ட் எரிந்திருக்கிறது. கண்ணாடி இழையில் அது வராது. மின்சார வயரால் வரலாம் என்பதால் அதற்கு மட்டும் பாதுகாப்புக் கருவி போட்டிருக்கிறோம்.

இந்த வருடம் மழை தொடங்க முன்னம் யூ.பி.எஸ். பற்றரியைப் பெரிதாக மாற்றினோம். போன கிழமை இரண்டு மணித்தியாலம் கரண்ட் போனபோது மேசைப் போன்தான் அடித்தது, அக்காவின் கைபேசி அடிக்கவில்லை.