லாஸ் வேகாஸில் சில்லறைக்குப் பதில் சீட்டு: என் 18 டாலர் 41 சென்ட் போன விதம்

லாஸ் வேகாஸுக்குச் சுற்றுலா போகத் திட்டமிட்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் புறப்படுங்கள். சென்ற வாரம் அங்கே ஒரு பெரிய சூதாட்ட விடுதியில் எனக்குச் சேர வேண்டிய 18 டாலர் 41 சென்ட் கைக்கு வராமலே போய்விட்டது. ஆடித் தோற்ற பணம் தனிக்கணக்கு. அதைப் பற்றி எனக்குப் புகார் எதுவும் இல்லை. இது இயந்திரமே எனக்குரியது என்று ஒப்புக்கொண்டு, அச்சடித்துக் கொடுத்த பணம். விடுதியின் பெயரை எழுத வேண்டாம் என்று மகள் சொல்லிவிட்டாள். பிரதான சாலையில், நடைபாலத்தால் இணைந்த இரண்டு கட்டடங்களாக நிற்கும் விடுதி என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். ஏமாறாமலிருக்க என்னென்ன செய்யலாம் என்பதைக் கடைசியில் விரிவாக எழுதுகிறேன்.

முப்பத்திரண்டு ஆண்டுகள் வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். மாலையில் கணக்கு முடிக்கும்போது ஐம்பது பைசா குறைந்தால்கூட, அது எங்கே போயிற்று என்று தெரியாமல் இருக்கையை விட்டு எழுந்ததில்லை. ஆகவே '18 டாலருக்கா இவ்வளவு ஆத்திரம்' என்று கேட்க நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திவிடலாம். நம் பணத்தில் அது 1,600 ரூபாய்க்கு மேல் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அங்கே இப்போது அநேகமாக எந்தச் சூதாட்ட இயந்திரத்திலும் நாணயம் போடுவதும் இல்லை, நாணயம் கொட்டுவதும் இல்லை. 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு பரவிய முறையில், நோட்டைச் செருகி ஆடிவிட்டு, போதும் என்று பொத்தானை அழுத்தினால், மீதித் தொகை அச்சிட்ட ஒரு சீட்டு வெளியே வருகிறது. அந்தச் சீட்டைக் கூடத்தின் ஓரத்திலிருக்கும், ஏடிஎம் போன்ற இன்னோர் இயந்திரத்தில் செருகினால் பணம் வரும். 'பென்னி' இயந்திரம் என்று பெயர்தான் ஒரு சென்ட். ஒரு முறை சுழற்றக் குறைந்தது 50 சென்ட், 75 சென்ட், 88 சென்ட் என்று கேட்கிறார்கள். ஆனால் வெற்றித்தொகையை மட்டும் சென்ட் கணக்கில் பிசகாமல் எழுதுகிறார்கள். அதனால் சீட்டு முழு டாலரில் முடிவது அபூர்வம். முதல் நாள் எனக்கு 87 சென்ட் மிஞ்சியது. அந்த இயந்திரத்தின் குறைந்தபட்சப் பந்தயம் 88 சென்ட். ஒரு சென்ட் குறைகிறது என்பதால் ஆடவும் முடியாது, எடுக்கத்தான் வேண்டும்.

எடுக்கப் போனால் பணம் தரும் இயந்திரத்தில் நாணயமே கிடையாது. டாலர்களை நோட்டாகத் தள்ளிவிட்டு, சென்ட்டுகளுக்கு வேறொரு சீட்டை அச்சடித்து நீட்டியது. இரவில் 113 டாலர் 76 சென்ட் சீட்டைச் செருகியபோது சிறு நோட்டுகளும் தீர்ந்திருந்தன போலும். ஐந்து இருபது டாலர் நோட்டுகளைத் தந்துவிட்டு, 13 டாலர் 76 சென்ட்டுக்குச் சீட்டு கொடுத்தது.

நான் நம்பி ஏமாந்த இடம் இதுதான். பக்கத்தில் சீருடையோடு நின்ற இளைஞரிடம் சீட்டைக் காட்டிக் கேட்டேன். மிகவும் பணிவாகப் பேசினார். இந்தச் சீட்டு ரொக்கத்துக்குச் சமம் என்றும், ஒவ்வொரு முறையும் காசாளரிடம் வரிசையில் நின்று சிரமப்பட வேண்டாம் என்றும், எல்லாவற்றையும் சேர்த்து வைத்து ஊருக்குப் புறப்படும் நாளில் ஒரே தடவையாக மாற்றிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். தொகை, தேதி, பட்டைக்கோடு எல்லாம் சீட்டில் ஒழுங்காக இருந்தன. கேட்புக் காசோலையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது போதும் என்று தோன்றியது. 'அத்தை, இன்றைக்கே போய் மாற்றிவிடலாமா?' என்று மருமகன் கேட்டபோது, வேண்டாம் என்று தடுத்தவளும் நானேதான். அந்த இளைஞர் பொய் சொன்னார் என்று இப்போதும் என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. சொல்ல வேண்டிய பாதியைச் சொல்லாமல் விட்டார்.

மூன்று நாளில் ஒன்பது சீட்டுகள் சேர்ந்தன. 13 டாலர் 76 சென்ட் சீட்டு ஒன்று. மற்ற எட்டும் ஒரு டாலருக்குக் குறைந்தவை: 87, 43, 65, 12, 94, 30, 76, 58. கூட்டினால் 18 டாலர் 41 சென்ட். இது போக, பணம் தரும் இயந்திரத்தின் திரையில் 'சில்லறையைத் தர்மத்துக்குக் கொடுங்கள்' என்று பெரிய பச்சைக் கட்டமும், 'சீட்டு வேண்டும்' என்று சாம்பல் நிறத்தில் சிறிய கட்டமும் இருந்தன. மருமகன் இரண்டு தடவை பச்சையை அழுத்திவிட்டார். அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

புறப்படும் நாள் காலையில், நாங்கள் தங்கியிருந்த கட்டடத்தின் காசாளர் பகுதிக்குப் போனோம். அதற்கு அங்கே பெயரே கூண்டு என்ற பொருளில் 'கேஜ்' என்பதுதான்; எங்கள் காலத்து வங்கிகளில் கம்பிவலை போட்ட அறைக்குள் உட்கார்ந்திருந்தவள் என்பதால் அந்தப் பெயரைக் கேட்டதும் ஓர் ஒட்டுதல்கூட வந்தது. ஆறு சாளரங்களில் ஒன்றுதான் திறந்திருந்தது. நாற்பது நிமிடம் நின்று சாளரத்தை அடைந்தால், அந்தப் பெண் முதல் சீட்டை ஸ்கேன் செய்து பார்த்துவிட்டு, இவையெல்லாம் பாலத்துக்கு அப்பாலுள்ள கட்டடத்தின் சீட்டுகள், இங்கே செல்லாது என்று திருப்பித் தள்ளினார். ஒரே முதலாளி, ஒரே உறுப்பினர் அட்டை, இரண்டு கட்டடங்களுக்கும் ஒரே விளம்பரம். சீட்டு மட்டும் வேறு வேறாம். பாலத்தைக் கடந்து ஓடினோம். அங்கும் வரிசை. டாலஸ் விமானத்துக்கு நேரமாகிவிட்டது என்று மகள் கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டாள்.

டாலஸ் வந்ததும் தொலைபேசியில் அழைத்தோம். முதலில் பேசியவர் நாணயத் தட்டுப்பாடு என்றார். கொரோனா ஆண்டான 2020இல், ஜூன் மாதம் முதல் அமெரிக்க மத்திய வங்கி நாணயங்களை அளந்து கொடுத்தது உண்மைதான். அந்தக் காரணத்தை இன்றைக்கும் சொல்வது எப்படிப் பொருந்தும் என்று மகளை விட்டுக் கேட்டேன். ஒரு சென்ட் நாணயத்தையே நிறுத்திவிட்டார்களே என்று பதில் வந்தது. புழக்கத்துக்கான ஒரு சென்ட் நாணயத்தைக் கடைசியாக 2025 நவம்பர் 12இல் பிலடெல்பியாவில் அச்சிட்டது எனக்கும் தெரியும். 25, 10, 5 சென்ட் நாணயங்கள் இருக்கின்றன அல்லவா? 76 சென்ட்டுக்கு மூன்று 25 சென்ட் நாணயங்களைக் கொடுத்துவிட்டு ஒரு சென்ட்டை வைத்துக்கொள்ளட்டுமே. முழுவதையும் ஏன் வைத்துக்கொள்ள வேண்டும்? இதற்குப் பதிலாக, வேறொரு பிரிவுக்கு இணைப்பைத் திருப்பிவிட்டார். அங்கே பேசியவர் சீட்டைத் தபாலில் ஏற்க முடியாது, நேரில்தான் வர வேண்டும் என்றார். 18 டாலர் 41 சென்ட்டுக்காக நேரில் வரும் விமானக் கட்டணத்தை அவரிடம் கேட்கத் தோன்றியது. மகள் கேட்க மறுத்துவிட்டாள். எழுதிய மின்னஞ்சலுக்கு, எங்கள் வருகையைப் பெரிதும் மதிப்பதாகவும் அடுத்த முறை சந்திக்க ஆவலாக இருப்பதாகவும் ஒரு பதில் வந்தது. 18 டாலர் 41 சென்ட் என்ற எண் அதில் எங்குமே இல்லை.

இந்தச் சீட்டுகளை யாரும் மாற்றாவிட்டால் பணம் எங்கே போகிறது என்று இரவு உட்கார்ந்து தேடினேன். 2011இல் நெவாடா மாநிலம் சட்டமே இயற்றியிருக்கிறது: காலாவதியான சீட்டுகளின் தொகையில் 75 விழுக்காடு மாநில அரசின் பொது நிதிக்கு, 25 விழுக்காடு விடுதிக்கு. அதாவது என் பணத்தில் கால் பங்கு, என்னை அலைக்கழித்தவர்களுக்கே. 500 டாலருக்குக் குறைந்த தொகையில் தகராறு வந்தால், மாநிலச் சூதாட்டக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் விசாரணை கேட்கும் உரிமை வாடிக்கையாளருக்கு உண்டு என்பதை விடுதியே எடுத்துச் சொல்ல வேண்டும் என்றும் அந்த மாநிலச் சட்டத்தில் இருக்கிறது. எங்களிடம் பேசிய ஒருவரும் அதை வாய்திறந்து சொல்லவில்லை.

சில்லறையை அமுக்குவது அந்தத் தொழிலுக்குப் புதிதும் இல்லை. அமெரிக்கக் குதிரைப் பந்தயத்தில் ஒரு டாலருக்கான வெற்றித்தொகையைப் பத்து சென்ட்டின் மடங்காகக் கீழ்நோக்கி முழுமையாக்கி, மிஞ்சுவதை நடத்துபவர்களும் அரசும் எடுத்துக்கொள்வதற்குப் 'பிரேக்கேஜ்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். கென்டக்கி மாநிலம்தான் 2022இல் சட்டம் போட்டு, சென்ட் வரை கொடுக்கச் சொன்னது. நம் ஊரில் நடத்துநர் பயணச்சீட்டின் பின்னால் மீதியை எழுதித் தந்தால், இறங்கும்வரை அவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். வழவழப்பான தாளில் இயந்திரம் எழுதித் தந்ததும் எனக்கு அந்தப் புத்தி எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

விரிவாக எழுதுவதாகச் சொன்னேன். இப்போதிருக்கும் எரிச்சலில் இவ்வளவுதான் முடிகிறது. சீட்டு வாங்கிய கட்டடத்திலேயே, வாங்கிய அன்றே மாற்றுங்கள். பெரிய தொகையை இயந்திரத்தில் செருகாமல் நேராகக் காசாளரிடமே கொடுத்துச் சில்லறையையும் கேட்டு வாங்குங்கள். பச்சைக் கட்டத்தை அழுத்துவதற்கு முன் படியுங்கள். காலாவதித் தேதி சீட்டில் பொடி எழுத்தில் இருக்கிறது. என்னுடையவற்றில் 180 நாள். இரு பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அது சூட்டில் அச்சாகும் தாள். என் 30 சென்ட் சீட்டில் தொகை இப்போதே வெளுக்கத் தொடங்கிவிட்டது.