மாமியின்ர பிரிட்ஜும் அஸ்வெசும பொயின்ட்ஸும்

விடியப்பறம் 4.30க்கு மாமி தட்டி எழுப்பினா. "கிளினிக்குக்கு வாறனெண்டனி, எழும்பு ராசா, பிந்தினா நம்பர் கிடையாது." ரொறன்ரோவில இருந்து வந்து மூண்டு நாள், நித்திரை இன்னும் அங்கதான் நிக்குது, ஆனா முதல் நாள் வாய் குடுத்தாச்சே. வன்னிக்குள்ள இருந்து முதல் பஸ்ஸில போயும் எங்களுக்கு முன்னால 60 பேருக்குக் கிட்ட, எல்லாரின்ர கையிலயும் உறை போட்ட கிளினிக் கொப்பி.

மாமிக்கு 20 வருசமா சீனி வருத்தம், இப்ப இன்சுலின். டொக்டர் சின்னப் பிள்ளை, அவ்வளவு சனத்துக்குள்ளயும் ஆறுதலாத்தான் பார்த்தா, அதைச் சொல்லோணும். பிரச்சினை மருந்து குடுக்கிற யன்னலில. எழுதின நாலு குளிசையில ரெண்டு இருக்கு, மிச்சத்துக்கு ஒரு சின்னத் துண்டு, "இதுகள வெளியில எடுங்கோ அம்மா". இரத்தச் சோதனை ஒண்டும் வெளியிலதானாம். இலங்கையில ஆஸ்பத்திரி இலவசம் எண்டு நாங்கள் வெளிநாட்டில நிண்டு பெருமையடிக்கிறனாங்கள், அது பொய்யில்லை, கட்டிலுக்கோ ஒப்பரேசனுக்கோ இங்க காசு கேக்கிறேல்ல (ரொறன்ரோவிலயும் டொக்டர் சும்மாதான், வேலையிடத்து இன்சூரன்ஸ் இல்லாட்டி என்ர வயசுக்காரருக்கு மருந்து சொந்தக் காசு, அது வேற கதை). ஆனா 2022இல நாடு கடன் கட்டேலாது எண்டு கையை விரிச்சு மருந்துக்கு டொலர் இல்லாமப் போனதில இருந்து மாமிக்கு இந்தத் துண்டு வாறது நிக்கேல்லயாம். பாமசிக்குப் போவமோ எண்டன். துண்டை மடிச்சு பேர்ஸுக்குள்ள வச்சுக்கொண்டு "உதுக்கென்ன அவசரம், போன மாசத் துண்டும் கிடக்கு" எண்டா.

பிறகு நான்தான் பாமசிக்கு இழுத்துக்கொண்டு போனன்.

பின்னேரம் மச்சாளோட கதைக்கேக்கதான் முழுக் கதையும் வந்தது. முந்தி இவைக்கு சமுர்த்தி இருந்தது, ஏழைச் சனத்துக்கு எண்டு அரசாங்கம் 1995இல தொடங்கின உதவித் திட்டம், கட்சிக்காரருக்குக் குடுக்கினம் எண்டு ஆயிரம் குறை சொல்லலாம், ஆனா மாசம் பிறந்தா ஒரு சின்னக் காசு நிச்சயம். 2023 ஆடியில அதுக்குப் பதிலா அஸ்வெசும வந்தது. கணக்கெடுக்க வந்த பிள்ளை சுவர் என்ன, நிலம் என்ன, காணி எவ்வளவு, வருத்தக்காரர் இருக்கினமோ, கரண்ட் எத்தினை யூனிட் எண்டு எல்லாம் கேட்டு ஃபோம் நிரப்ப, கொம்பியூட்டர் பொயின்ட்ஸ் போட்டு நாலு வகையாப் பிரிச்சுதாம். அடி மட்டத்துக்கு மாசம் 15,000, அதுக்கு மேல 8,500, பிறகு 5,000, கடைசி 2,500. (2025 தையில முதல் ரெண்டையும் 17,500, 10,000 எண்டு கூட்டினவை.) இவைக்கு விழுந்தது 2,500. அதுவும் கொஞ்சக் காலத்துக்கு மட்டும் எண்டு குடுத்தது, இப்ப நிண்டு போச்சு.

அத்தானுக்கு கூலி வேலை, மழை பெஞ்சா அதுவும் இல்லை. வீடு கல்வீடுதான், சண்டை முடிஞ்ச பிறகு இந்திய வீட்டுத்திட்டத்தில 5.5 லட்சத்தில கட்டினது, உள்ளுக்க கதிரை கூட ஒழுங்கா இல்லை. வீடு இல்லாத சனம் எண்டு பார்த்துக் குடுத்த வீடு, இப்ப ஃபோமில வசதியான வீடாப் போச்சு எண்டு மச்சாள் சிரிக்கிறா. சின்னவன் 4ஆம் வகுப்பு, பள்ளிக்கூடத்தில சாப்பாடு குடுக்கினம், மூத்தவள் 7, அவளுக்கு இல்லை. சின்னவன் முட்டையில பாதியை அக்காவுக்கு லஞ்ச் பொக்ஸில கொண்டு வாறவனாம்.

மேன்முறையீடு போட்டவை. விதானையாரிட்ட (ஊருக்குப் பொறுப்பான கிராம அலுவலர்) கேட்டா லிஸ்ட் மேல இருந்து வந்தது, என்ர கையில இல்லை எண்டுறார், பிரதேச செயலகத்துக்குப் போனா விதானையாரைக் கேளுங்கோ எண்டுகினம், ஒரு நாள் போய் வந்தா அத்தானுக்கு ஒரு நாள் கூலி போச்சு, மூண்டாம் தரத்தோட விட்டிட்டினம்.

இதுக்குள்ள மாமி குசினியில இருந்து சத்தம் போட்டா, "எல்லாம் அவன் வாங்கித் தந்த பிரிட்ஜாலதான்". பகிடியாத்தான் சொன்னா, எனக்குத்தான் சிரிப்பு வரேல்ல. இன்சுலினைக் குளிரில வைக்கோணும் எண்டு 2021இல நான்தான் காசு அனுப்பி வாங்கிக் குடுத்தனான், கரண்ட் யூனிட் ஏறினது அதாலதான். 2023 மாசியில கரண்ட் கட்டணத்தை 66 வீதம் கூட்டின உடன பில் வேற ஏறிப் போச்சு. நான் அனுப்பிறன்தானே எண்டு சொல்ல வாய் வந்தது. என்ன அனுப்பிறன், பொங்கலுக்கும் தீபாவளிக்கும்.

இரவு தண்ணி எடுக்கலாமெண்டு பிரிட்ஜைத் திறந்தன். லைட் எரியேல்ல. உள்ளுக்க அரிசிப் பையும் பிள்ளையளின்ர கொப்பியளும், எலி வராதாம். இன்சுலின் எங்க எண்டு கேக்க, கிணத்தடிப் பக்கமா நிழலுக்க ஈர மணல் போட்டு வச்சிருந்த சின்ன மண் முட்டியைக் காட்டினா மாமி.